ஓய்வு பெற்ற போர்வீரரும் குடிநோயும்

சங்கச் சான்றோர் தகடூர் என்று பாடிய ஊரே இந்நாளில் தருமபுரி என வழங்குகின்றது. அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி மாய்ந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைச் செய்யுட்கள் புறநானூற்றில் உள்ளன. அவற்றுள் ஒன்று, கிடைத்த கள் சிறிதாயினும் பெரிதாயினும் பிறர்க்கு ஈந்து மகிழ்ந்த அவன் பண்பை நினைந்து இரங்குகின்றது. மற்றொன்று, அவனுக்கென நட்ட கல்லின் முன் சிறு கலத்தில் கள் வார்க்கப்படுவதை எண்ணி வருந்துகின்றது. ஆநிரை கவர்ந்து மீண்ட வெட்சி மறவர் கள்ளுண்டு களித்தலை, 'உண்டாட்டு' என ஒரு துறையாகவே புறப்பொருள் இலக்கணமுடையார் வகுத்தனர். ஆகவே வாளுக்கும் கள்ளுக்கும் உள்ள உறவு நம் நாட்டில் நேற்றுத் தோன்றியதன்று.

திருவள்ளுவர் படைமாட்சி, படைச்செருக்கு என்னும் அதிகாரங்களை வைத்த அதே பொருட்பாலில் கள்ளுண்ணாமையையும் வைத்தார். வீரனைப் போற்றிய நாவே கள்ளைக் கடிந்தது. ஆயின் படையிலிருந்து வீடு திரும்பிய வீரன் அப்பழக்கத்தையும் உடன்கொண்டு வந்தால் அவனை மீட்பது யாங்ஙனம்? இவ்வினாவைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆராய்ச்சிக்கு ஓர் இடம் வேண்டுமன்றோ? தருமபுரி நகரினின்று ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வத்தல்மலையை எடுத்துக்கொள்வோம். கடல் மட்டத்துக்கு மேல் மூவாயிரம் அடிக்கும் மிக்க உயரத்தில் பெரியூர், பால்சிலம்பு, ஒன்றிக்காடு, சின்னாங்காடு முதலிய சிற்றூர்கள் அங்கு உள்ளன. அவற்றில் வாழ்வோர் பெரும்பாலும் மலையாளி என்னும் பழங்குடியினர். இப்பெயர் கேரள நாட்டாரைக் குறிப்பதன்று. மலையை ஆள்வோர் என்னும் பொருளில் தமிழ் பேசும் இம்மக்களுக்கு வழங்குவது. சாமையும் ராகியும் விளைத்த நிலத்தில் இப்போது காபியும் மிளகும் பயிராகின்றன. கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த பாதை அமைவதற்குமுன் நோயாளியைக் கீழே கொணர்தல் பெரும்பாடாயிருந்தது. நகரத்தில் எளிதாகத் தோன்றும் சிகிச்சை எதுவும் இத்தகைய மலைமேல் எவ்வளவு தூரம் செல்லும் என்று நினைத்துப் பார்த்தால்தான் அதன் உண்மையான அளவு விளங்கும். ஆதலின் இம்மலையை ஓர் உரைகல்லாகக் கொள்கின்றோம்.

முதலில், படைவீரன் குடிக்கத் தலைப்படுவது ஏன் என்று காண்போம். அஃது அவன் தனிக்குணத்தால் மட்டும் விளைவதன்று. பல நாடுகளின் சேனைகளில் மது ஒரு பங்கீட்டுப் பொருளாகவே அளிக்கப்பட்டு வந்தது. இங்கிலாந்தின் கடற்படையில் மாலுமிகளுக்கு நாள்தோறும் ரம் வழங்கும் வழக்கம் 1970 ஜூலை 31 வரையில் நீடித்தது. நம் நாட்டிலோ, பம்பாய் மதுவிலக்குச் சட்டத்தைப் பற்றிய பால்சரா வழக்கில் 1951இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், படையினரின் உணவுக்கூடங்களுக்கு அச்சட்டத்தில் தரப்பட்ட விலக்குச் செல்லும் என்றது. படையினர்க்குத் தனி மரபும் தனி வாழ்க்கை முறையும் உண்டு என்பது அதற்குக் கூறிய காரணங்களுள் ஒன்று. எனவே ஊரில் குடிப்பவனைச் சமூகம் கடிய, பாசறையில் குடிப்பவனைச் சட்டமே ஒதுங்கி நின்று பார்த்திருக்கின்றது.

குளிருக்கு மது நல்லது என்னும் எண்ணமும் இதற்குத் துணையாயிற்று. இஃது உண்மைக்கு மாறானது. மது தோலிலுள்ள இரத்தக் குழாய்களை விரியச் செய்கின்றது; அதனால் தோல் வெதுவெதுப்பாகத் தோன்றும்; ஆயின் உடலின் உள்வெப்பமோ அவ்வழியே வெளியேறிக் குறையும். குளிர் தீர்ந்தது என்று மகிழும் நேரத்தில் அவன் மேலும் குளிர்ந்துகொண்டிருக்கின்றான்.

படைவீரர் அனைவரும் குடிப்பவர் என்றோ, குடிக்கும் வீரர் அனைவரும் நோயாளர் என்றோ ஒருவரும் கொள்ளற்க. மிகப் பலர் மதுவைத் தீண்டாமலே பணி முடிக்கின்றனர். வேறு பலர் அளவிலே நிற்கின்றனர். இடர் தோன்றுவது பெரும்பாலும் திரும்பி வந்த பின்னரே. நம் சேனையில் சாதாரணச் சிப்பாய்கள் நாற்பது வயதை ஒட்டியே ஓய்வு பெற்றுவிடுகின்றனர். விடியலில் ஊதும் குழல், அணிவகுப்பு, ஒரே தட்டில் உண்ட தோழர், ஆணையிட ஒருவர், ஆணைக்குக் காத்திருக்கச் சிலர் என்றிருந்த வாழ்க்கை ஒரே நாளில் நின்றுபோகின்றது. ஓய்வூதியம் மாதந்தோறும் வருகின்றது, செய்ய வேலையில்லை. படைக் கேண்டீனில் குறைந்த விலைக்கு மது வாங்கும் உரிமையும் அவனுக்கு உண்டு. சண்டையில் தோழன் மடிந்ததைக் கண்ணால் கண்டவனாயின் இரவில் உறக்கமும் இல்லை. இத்தனையும் ஒருங்கு கூடிய வீட்டில், புட்டியானது தோழனாகவும் உறக்க மருந்தாகவும் ஒருசேர வந்து அமர்கின்றது.

இனி இந்நோயின் இயல்பைச் சிறிது விளக்குவோம். மூளையில் கிளர்ச்சியைத் தூண்டும் பொருள்களும் அதனை அடக்கும் பொருள்களும் துலாக்கோலின் இரு தட்டுக்களைப் போல் சமனாக நிற்கின்றன. மது அடக்கும் தட்டில் பாரம் ஏற்றுகின்றது. பல்லாண்டுகள் நாள்தோறும் அவ்வாறு செய்யின், மூளையானது சமன் காக்கும் பொருட்டுக் கிளர்ச்சித் தட்டில் தானும் பாரம் ஏற்றிக்கொள்கின்றது. பின்னர் ஒருநாள் திடீரென மதுவை நிறுத்தினால் ஒரு தட்டுப் பாரம் மட்டும் நீங்க, மற்றது கீழே மோதுகின்றது. சில மணி நேரத்தில் கைந்நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தோன்றும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலர்க்கு வலிப்பு வரும். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் சிலர்க்குச் சித்தம் கலங்கி, இல்லாத உருவங்கள் தோன்றி, காய்ச்சலும் நடுக்கமும் மிகும். சிகிச்சை இல்லாவிடில் இந்நிலையில் உயிர் போதலும் உண்டு.

நெடுநாட் குடியர் திடீரென நிறுத்துதல் ஆபத்தாகும் என்னும் இவ்வுண்மையை நம் நாட்டார் பலர் அறியார். கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு, அல்லது பெற்ற பிள்ளையின் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்து, அன்றைக்கே குடியை விடுதல் நம்மிடையே வழக்கம். அவ்வுறுதி போற்றத்தக்கதே. ஆயின் பத்து ஆண்டு நாள்தோறும் குடித்தவன் ஆஸ்பத்திரிக்கு எட்டாத மலைமேல் அவ்வாறு செய்து மூன்றாம் நாள் இரவு பிதற்றத் தொடங்கினால், வீட்டார் அதனைப் பேய் பிடித்ததென்றோ தெய்வக் குற்றமென்றோ எண்ணுவர். அல்லது, நடுக்கம் தீர மறுபடியும் சிறிது ஊற்றிக் கொடுப்பர். முன்னது உயிர்க்கு இடர். பின்னது உறுதிக்கு இடர். சத்தியம் செய்யும் நாளுக்கு முன்னரே வைத்தியரைக் காண்பதே அறிவுடைமை.

வைத்தியர் செய்வது யாது? மூளையின் கிளர்ச்சியை மெல்ல மெல்லத் தணிக்கும் மருந்தை அளவறிந்து கொடுத்து, ஒரு வாரம் பத்து நாட்களில் அதனைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துகின்றனர். குடியர்க்கு உணவு குறைந்து, தயமின் என்னும் பி1 வைட்டமின் மிகக் குன்றியிருக்கும். அது குன்றினால் நினைவாற்றல் மீளாதவாறு கெடக்கூடும். ஆதலின் குளுகோஸ் ஏற்றுவதற்கு முன்னரே அதனை ஊசி மூலம் செலுத்துவது முறை. இதன்பின் மதுவின்மேற் செல்லும் வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் முதலிய மருந்துகள் உள்ளன.

டைசல்பிராம் என்னும் மருந்து வேறு வகையது. அது மதுவை விலக்க உதவும் என்று 1948இல் டென்மார்க்கு நாட்டு ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். அதனை உண்டவன் மது அருந்தினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி மிகும். அவ்வச்சமே அவனைக் காக்கும். இதனை நோயாளி அறிந்து, இசைந்து உண்ணுதல் வேண்டும். வீட்டார் குழம்பிலும் காப்பியிலும் மறைத்துக் கலந்து கொடுப்பதாகக் கேள்விப்படுகின்றோம். அறியாமல் உண்டவன் நிறையக் குடிப்பானாயின் இரத்த அழுத்தம் தாழ்ந்து உயிருக்கே கேடு வரக்கூடும். அன்பினால் செய்தாலும் இது தகாது.

இவ்வளவும் சிகிச்சையின் முதற் பாதியே. பத்து நாளில் உடல் தெளியும். மனம் அத்துணை விரைவில் தெளிவதில்லை. போரின் அதிர்ச்சி நெஞ்சில் தங்கி நோயாதலை முதல் உலகப் பெரும்போரின்போதே வைத்தியர் கண்டனர். 1915இல் சார்லஸ் மையர்ஸ் என்பார் மருத்துவப் பத்திரிகையில் 'ஷெல் ஷாக்' என்னும் பெயரால் அதனை எழுதினார். 1980இல் அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் அதனை வேறொரு பெயரால் தன் நோய்ப்பட்டியலில் சேர்த்தது. கனவில் வெடியோசை கேட்டு எழுபவனிடம் புட்டியை மட்டும் பறித்தால் அவனுக்கு மிஞ்சுவது அவ்வோசையே. ஆதலின் குடிக்கும் அதிர்ச்சிக்கும் ஒருங்கே சிகிச்சை செய்தல் வேண்டும் என்பது இக்கால வைத்தியர் கொள்கை.

அன்றியும், மனிதனைச் சூழ்ந்த இடமும் கூட்டமும் இந்நோயை வளர்க்கவும் தணிக்கவும் வல்லன. இதற்கு வியத்நாம் போர் ஒரு பெருஞ்சான்று. 1971இல் அங்கிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களை லீ ராபின்ஸ் என்னும் பெண்மணி ஆராய்ந்தார். அங்கிருந்தபோது ஐவரில் ஒருவர் ஹெராயின் முதலிய போதைப் பொருளுக்கு அடிமையாயிருந்தமை தெரியவந்தது. இவர்கள் ஊரெல்லாம் இந்நோயைப் பரப்புவர் என அந்நாடு அஞ்சியது. ஆயின் திரும்பிய முதலாண்டில், அடிமையாயிருந்தோருள் மறுபடியும் அடிமையானோர் நூற்றுக்கு ஐவரளவே. போர்க்களம் நீங்கியது, பொருள் எளிதிற் கிட்டவில்லை, வீடும் வேலையும் வரவேற்றன, பலர் நோயினின்று நீங்கினர். நம் வீரர் கதையோ இதற்கு எதிர்மாறானது. பணியிலிருந்தபோது அளவாக அருந்தியவர், வேலையும் தோழமையும் இழந்து, மது எளிதிற் கிட்டும் இடத்துக்கு வந்து சேர்கின்றார். இடம் நோயை நீக்க வல்லதாயின் நோயைத் தரவும் வல்லதன்றோ?

இழந்த தோழமையை மீட்டளிப்பதே மருந்தாதலைக் காட்டியவரும் ஒரு போர்வீரரே. அமெரிக்கராகிய பில் வில்சன் முதல் உலகப்போரில் பீரங்கிப்படையில் அதிகாரியாயிருந்தவர். படையிற் சேர்ந்த காலத்திலேதான் முதன்முதல் மதுவைச் சுவைத்தார். பின்னர் அதற்கு அடிமையாகித் தொழிலை இழந்து பலமுறை ஆஸ்பத்திரியிற் கிடந்தார். 1935இல் ஆக்ரன் நகரில், குடிக்கவேண்டும் என்னும் வேட்கை மிக்கெழுந்தபோது, தம்மைப் போன்ற மற்றொரு குடிநோயாளரைத் தேடிப் பேசினார். அவர் பாப் ஸ்மித் என்னும் மருத்துவர். ஒருவர்க்கொருவர் துணையாய் நின்று இருவரும் மீண்டனர். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் கூட்டுறவு அவ்வாறு பிறந்தது. அங்குக் கட்டணமில்லை, முழுப்பெயரைச் சொல்ல வேண்டுவதில்லை, மேலோர் கீழோர் என்பதும் இல்லை. விழுந்தவனை, முன்பு விழுந்து எழுந்தவனே தூக்கிவிடுகின்றான். இது படையில் சிப்பாய் ஒருவன் காயம்பட்ட தோழனைத் தோளிற் சுமந்து வருதற்கு ஒப்பானது. இங்கிலாந்தில் 1919இல் தோன்றிய 'காம்பட் ஸ்ட்ரெஸ்' என்னும் அறநிலையம் அன்றுமுதல் போரால் மனம் நைந்த வீரரைப் பேணி வருகின்றது. 1979இல் அமெரிக்கச் சர்க்கார் ஏற்படுத்திய வீரர் நிலையங்களில் முன்னாள் வீரரே முன்னாள் வீரர்க்கு ஆலோசனை கூறும் முறையும் புகுந்தது.

மேனாட்டுச் செய்திகளோடு நில்லாது நம் மலைக்கு மீள்வோம். 1965இல் தருமபுரி தனி மாவட்டமாகும் வரையில் வத்தல்மலை சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அந்த ஜில்லாவில்தான் திருச்செங்கோட்டையடுத்த காந்தி ஆசிரமத்திலிருந்து இராஜாஜி 1929இல் மதுவிலக்கிற்காகவே 'விமோசனம்' என்னும் பத்திரிகையை வெளியிட்டார். கல்கி அவர்கள் அதில் துணைபுரிந்தார். பின்னர்ச் சென்னை மாகாணப் பிரதம மந்திரியானபோது, 1937 அக்டோபர் 1ஆம் நாள் மதுவிலக்கை முதன்முதல் சேலம் ஜில்லாவிலேயே இராஜாஜி அமலாக்கினார். வருவாய் இழப்பை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி வந்தது. அச்சட்டம் 1943இல் நிறுத்தி வைக்கப்பட்டு, 1946 முதல் மறுபடியும் பரவி, 1948இல் மாகாணம் முழுவதையும் தழுவியது. 1971இல் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டது. அதன்பின் மீண்டும் வந்து மீண்டும் நீங்கியது. 1983இல் தோன்றிய டாஸ்மாக் என்னும் அரசு நிறுவனத்திடம் 2003இல் சில்லறை விற்பனையும் சேர்ந்தது.

இவ்வரலாற்றில் நாம் கருதத்தக்கது ஒன்று உண்டு. சேலத்தில் கடைகளை மூடியதோடு நில்லாமல், மாலைப்பொழுதில் மக்கள் கூடுதற்குப் பஜனை, விளையாட்டு, தேநீர்க் கடை, சிக்கன சங்கம் முதலியவற்றையும் அக்காலத்தார் ஏற்படுத்த முயன்றனர். கள்ளுக்கடை வெறும் கள் விற்கும் இடமன்று, மனிதர் மனிதரைக் காணும் இடமுமாகும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். கலயத்தைப் பறிப்போர் கூட்டத்தை அளித்தல் வேண்டும். அரசாங்கக் கொள்கை எவ்வாறு மாறினும் இவ்வுண்மை மாறுவதில்லை.

சிகிச்சையையே ஊருக்குக் கொண்டு சென்ற முயற்சியும் தமிழ்நாட்டில் நிகழ்ந்துள்ளது. குடிநோயால் தம் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980இல் சென்னையில் டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். நகருக்கு வந்து தங்கிச் சிகிச்சை பெற நாட்டுப்புற ஏழைகளால் இயலாமையைக் கண்ட அந்நிலையத்தார், 1989இல் அக்காலத் தஞ்சை மாவட்டத்து மஞ்சக்குடி என்னும் சிற்றூரில் உள்ளூரார் துணையோடு முகாம் நடத்தத் தொடங்கினர். நோயாளர் தம் ஊர்ப்புறத்திலேயே தங்கினர். வைத்தியரும் ஆலோசகரும் அங்கு வந்தனர். குடும்பத்தார்க்கும் தனியே அறிவுரை கூறப்பட்டது. முகாம் முடிந்தபின்னும் தொடர்ந்து விசாரித்தனர். குடியை விட்டவரைக் கண்டு அடுத்த முகாமுக்குப் பிறர் வந்தனர். ஊரே சாட்சியும் ஊரே காவலுமாக அமைதல் அம்முறையின் வலிமை.

இப்போது ஒரு மனிதரை நாமே கற்பித்துக்கொள்வோம். அவர் வத்தல்மலைச் சிற்றூர் ஒன்றிற் பிறந்து, படையிற் சேர்ந்து, பனிமலைக் காவலில் சில ஆண்டுகள் கழித்து, நாற்பதாம் வயதில் ஊர் திரும்பியவர். ஊரார் அவரைப் 'பட்டாளத்தார்' என்று மரியாதையாய் அழைக்கின்றனர். அம்மரியாதையே அவர்க்கு விலங்காகின்றது. நோயுற்றேன் என்று சொல்ல அது விடுவதில்லை. பணியில் இருந்த காலத்திலும், குடிநோய் என எழுதப்பட்டால் மருத்துவத் தரம் தாழ்ந்து பதவி உயர்வு கெடுமே என்று மறைத்தவர் அவர். எல்லையில் அஞ்சாதவர் ஆஸ்பத்திரி வாயிலில் அஞ்சுகின்றார்.

இவர் தனியரல்லர். 2019இல் வெளியான மத்திய சர்க்காரின் போதைப்பொருள் ஆய்வறிக்கையின்படி, மதுவுக்கு அடிமையானோருள் 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சையைப் பெற்றவர். ஆஸ்பத்திரியில் தங்கிப் பெற்றவர் 180 பேரில் ஒருவரே. சமவெளியையும் நகரத்தையும் சேர்த்துக் கண்ட கணக்கு இஃது. மலைமேல் வாழ்வோர்க்கு வழி இன்னும் நெடிது.

அவர்க்கு வேண்டுவன யாவை? முதலாவது, ஆபத்தான முதற் பத்து நாட்களைக் கழிக்கத் தருமபுரியில் அரசினர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி உள்ளது. 2003 ஏப்ரல் 1 முதல் நடைபெறும் முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டத்தில் ஓய்வூதியம் பெறுவோர்க்கும் அவர் குடும்பத்தார்க்கும் இடமுண்டு. கடும் நோயுற்றோர்க்குப் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையமும் எட்டாத் தொலைவினதன்று. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் மது முதலிய போதைப் பொருள்களால் விளையும் மனநிலைக் கேட்டையும் மனநோயின் இலக்கணத்துள் அடக்கியது; ஆதலின் மரியாதையோடு சிகிச்சை பெறுதல் அவர்க்கு உரிமை, பிச்சையன்று.

இரண்டாவது, மலையிறங்காமலே பேசுதற்கு ஒரு வழி. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் மனநலத் தொலைபேசி உதவிக்கு எண் 14416, தமிழிலும் பேசலாம். போதைப் பழக்கத்துக்கெனவே அமைந்த எண் 14446. நள்ளிரவில் வெடியோசைக் கனவு கண்டு எழுபவர்க்கு, புட்டியைத் தேடும் கை தொலைபேசியைத் தேடினால் அதுவே ஒரு வெற்றி.

மூன்றாவதே பெரிது, அதனை எந்தச் சர்க்காரும் தபாலில் அனுப்ப இயலாது. ஆஸ்பத்திரியினின்று மீண்ட பதினோராம் நாள் மாலையில் அவர் யாரோடு அமர்வார்? பழைய கூட்டத்தோடு அமர்ந்தால் பழைய கதைதான். மாவட்டத்தில் உள்ள மற்றொரு முன்னாள் வீரர், தாமும் குடித்து விட்டவராயின் மிக நன்று, வாரம் ஒருமுறை அவரைக் காணுதல் வேண்டும். காபித் தோட்டத்திலோ ஊர்ப் பள்ளி மைதானத்திலோ அவர்க்கொரு பொறுப்பு வேண்டும். பையன்களுக்கு ஓட்டமும் உடற்பயிற்சியும் கற்பிக்க அவரினும் தக்கார் யார்? படைப் பணிக்குரிய தேர்வுக்கு அவர்களை ஆயத்தம் செய்யும்போதே, குளிருக்கு ரம் மருந்து என்பது பொய் என்பதையும் அவர் வாயாலேயே அவர்கள் கேட்பர். மனைவியார்க்கும் துணை வேண்டும். குற்றம் தம்மேலதன்று என்று அவர்க்கு யாரேனும் சொல்லுதல் வேண்டும். இடையில் ஒருநாள் அவர் தவறி மீண்டும் குடித்தாலும், 'நீ இவ்வளவுதான்' என்று கைவிடலாகாது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் போல் இதுவும் திரும்பத் தலைகாட்டும் நோய். வழுக்கி விழுந்த படைவீரனை அணியினின்று தள்ளுவதில்லை. தூக்கி நிறுத்தி நடக்கச் செய்வர்.

மாணவ நண்பர்களே! நம் கல்லூரியில் தேசிய மாணவர் படையில் பயில்வோர் பலர். தந்தையோ பாட்டனாரோ படையில் இருந்தவர் சிலர். 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தின்படி நான்கே ஆண்டில் பணி முடித்து, நால்வரில் மூவர் உங்கள் வயதிலேயே வீடு திரும்பும் நிலையும் உண்டு. ஆதலின் இது முதியோர் பேச்சன்று. விடுமுறையில் ஊர் செல்லும்போது, பட்டாளத்தார் ஒருவர் திண்ணையில் தனியே அமர்ந்திருக்கக் கண்டால், அறிவுரை கூறாதீர்கள். அருகே அமர்ந்து, அவர் எங்குப் பணி செய்தார் என்று கேளுங்கள். பலர்க்கு அவ்வினாவைக் கேட்போரே இல்லை. அவர் கை நடுங்குமாயின் வெறுக்காதீர்கள். எந்த ஆஸ்பத்திரிக்குச் செல்வது, எந்த எண்ணுக்குப் பேசுவது என்பதை அறிந்துவைத்து, கேட்கும்போது உடன் செல்லுங்கள்.

தகடூர் நாட்டில் மாண்ட வீரர்க்கு நட்ட கற்கள் இன்றும் காடுகளிலும் வயல் ஓரங்களிலும் நிற்கின்றன. மாய்ந்தவனுக்குக் கல் நட்டுக் கள் வார்த்தது அக்காலம். உயிரோடு மீண்டு வந்தவனுக்குக் கல் வேண்டா, கள்ளும் வேண்டா. நல்ல வைத்தியமும், ஒரு வேலையும், உடன் அமர ஒரு தோழனும் போதும். அவற்றை வத்தல்மலை உச்சிவரையில் கொண்டு சேர்ப்பது நம் கடன்.